செருப்பு மாட்டுகிற நேரம்

"பதினாலு மாசம் ஆச்சுங்க டாக்டரம்மா. நான் தனியா ஊசி போடறது எப்பங்க?"

சென்னியப்பன் நின்றுகொண்டுதான் கேட்டார். உட்கார்ந்து பேசுகிற பழக்கம் அவருக்குக் கிடையாது. காங்கேயத்தில் ஒரு நூல் மில்லில் இருபத்தாறு வருஷம் சூப்பர்வைசராக இருந்தவர். மிஷின் நின்றால் பொறுக்காது, மனுஷன் நின்றாலும் பொறுக்காது.

மில்லை மூடிவிட்டார்கள். ஐம்பத்து மூன்று வயதில் அக்குபஞ்சர் டிப்ளமோ படித்து, சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டி, நசீமா டாக்டரிடம் வந்து சேர்ந்தார்.

நசீமா அவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். எலும்பும் தசையும் நீவிச் சரிசெய்கிற படிப்பு முதலில், ஊசி அதற்கப்புறம். வலியென்று வருகிறவர்களுக்கு இரண்டையும் செய்வார். பேச்சு மட்டும் குறைவு.

இப்போதும் ஜன்னல் வழியாக வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டாக்டரம்மா."

"வெளிய எத்தனை ஜோடி செருப்புக் கெடக்குதுங்கண்ணா?"

சென்னியப்பன் எட்டிப் பார்த்தார். எண்ணுவதில் அவரை மிஞ்ச முடியாது.

"அஞ்சுங்க."

"எது எது யாரோடது?"

"அது நமக்கு எதுக்குங்க?"

"அப்ப இன்னுங் கொஞ்ச நாள் ஆகும்."

அவருக்குச் சுருக்கென்றது. சட்டைப் பையில் கிடந்த சாவிக்கொத்தை எடுத்து உருட்டினார்.

"என்ற சம்சாரத்துக்கு நடுமுதுகுல வலிங்க. பத்துக்கு எத்தனைன்னு கேட்டா ஒம்பதுன்னு சொன்னா. பக்கத்துல யாருமில்லாம, நானே ஊசி போட்டனுங்க. மூணே தடவை. ஒம்பது ஒண்ணாயிருச்சு. நோட்டுல தேதியோட எழுதி வெச்சிருக்கறன்."

"இப்ப அண்ணி எப்படி இருக்காங்க?"

"பரவால்லைன்னு சொல்றாளுங்க. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை இன்னும் போட்டுட்டுத்தான் இருக்கறன். எப்பக் கேட்டாலும் ஒண்ணுதான்."

நசீமா அவரை ஒரு தடவை பார்த்தார். பிறகு பிளாஸ்கைத் திறந்து அவருக்கு டீ ஊற்றிக் கொடுத்தார்.

அது பதிலா இல்லையா என்று சென்னியப்பனுக்குப் புரியவில்லை. டீயைக் குடித்தார். சூடு கூட உறைக்கவில்லை.

*

அன்று மத்தியானம் மயில்சாமி வந்தான். லாரி டிரைவர். இடுப்பைப் பிடித்துக்கொண்டே வந்தான்.

நசீமா அவனைக் குப்புறப் படுக்கச் சொல்லி, காலைத் தூக்கிப் பார்த்து, முட்டியைத் தட்டிப் பார்த்து, அரை மணி நேரம் சோதித்தார்.

"எத்தனை தடவைல சரியாகுமுங்க?" என்றான் மயில்சாமி.

"தெரியாதுங்க."

அவன் முகம் விழுந்துபோயிற்று. பக்கத்தில் நின்ற சென்னியப்பனுக்கு அதைவிட விழுந்தது. வைத்தியரிடம் வந்தவனுக்கு இப்படியா பதில் சொல்வது?

"ஆறு தடவை வாங்க. சிலருக்கு நல்லாக் கொறையும், சிலருக்குக் கொஞ்சம் கொறையும். கொறையாதவங்களும் இருக்காங்க. மொத நாள் ஊசி போட்டு நீவிவிட்டதும் கூடக் கொஞ்சம் வலிக்கும், பயந்துக்க வேண்டாம். தெனமும் நடக்கோணும், அது உங்க வேலை. ஆறு தடவைல ஒரு மாத்தமும் தெரியலைன்னா நானே வேற எடத்துக்கு அனுப்பிவிடறன்."

"சரிங்க."

"கால் மரத்துப் போனாலோ, ஒண்ணுக்குப் போறது தெரியாமப் போனாலோ இங்க வர வேண்டாம். நேரா பெரியாஸ்பத்திரிக்குப் போயிருங்க."

மயில்சாமி தலையாட்டினான். ஊசி போட்டுக்கொண்டு போகும்போது நடையே செத்துக் கிடந்தது.

சென்னியப்பனுக்குப் பொறுக்கவில்லை. பின்னாலேயே வாசலுக்குப் போனார். ரகசியம் சொல்கிறவர் மாதிரிக் குரலைத் தாழ்த்தினார்.

"டாக்டரம்மா அப்படித்தான் சொல்லுவாங்க தம்பி. மனசுல வெச்சுக்காதீங்க. மூணே தடவை. என்ற சம்சாரத்துக்கே மூணே தடவைல போயிருச்சு."

"நெசமாவாங்க?"

"எழுதி வெச்சுக்கங்க."

மயில்சாமி அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். மில் மூடியதற்கப்புறம் யாரும் சென்னியப்பன் கையை அப்படிப் பிடித்ததில்லை. அன்று வீட்டுக்கு நடக்கிற தூரம் அவருக்குத் தெரியவே இல்லை.

*

மருத்துவமனைச் சுவரில் சென்னியப்பன் ஒரு வெள்ளைப் பலகை மாட்டியிருந்தார். வந்தவர் பெயர், வந்த தேதி, வலி பத்துக்கு எத்தனை. மில்லில் ஷிப்டுக்கு எத்தனை கிலோ நூல் என்று எழுதிய கை, சும்மா இருக்குமா?

மயில்சாமி, முதல் நாள் எட்டு. இரண்டாம் நாள் ஐந்து.

சென்னியப்பன் அந்த ஐந்தை இரண்டு தடவை அழுத்தி எழுதினார்.

பலகையில் அவர் கண்ணை உறுத்தியது லூர்துமேரி டீச்சர்தான். தையல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். நான்கு மாசமாக வருகிறார். நான்கு மாசமும் ஏழு. ஒரு தடவை ஆறு சொல்லக் கூடாதா? வாய் நிறைய ஏழு.

"இந்த டீச்சரை வேற எடத்துக்கு அனுப்பிறலாங்களா?" என்று கேட்டார்.

"ஏனுங்கண்ணா? அவங்களுக்குத்தான் வைத்தியம் நல்லாக் கேட்டுட்டிருக்குது."

"ஏழு ஏழாவேதானுங்க இருக்குது."

நசீமா பலகையைப் பார்க்கவில்லை. ஜன்னலைத்தான் பார்த்தார்.

சென்னியப்பனுக்குள் பதினாலு மாசமாக அடைத்துக் கிடந்தது அப்போது வெளியே வந்தது.

"எனக்குச் சொல்லிக் குடுக்க இஷ்டமில்லைன்னா நேராச் சொல்லிப்போடுங்க. நான் சென்னிமலை ரோட்டுல சொந்தமா போர்டு மாட்டிக்கறன். ஊசி எந்த எடத்துல போடறதுன்னு எனக்குத் தெரியும். எத்தனை நேரம் வெக்கறதுன்னு தெரியும். இன்னும் என்னதான் தெரியோணும்?"

நசீமாவுக்குக் கோபம் வரவில்லை. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் வாசலில், செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்தில் போட்டார்.

"ஒரு வாரம் உள்ள வராதீங்கண்ணா. இங்க உக்காருங்க."

"உக்காந்து?"

"உக்காருங்க."

*

செருப்புக் காவலுக்கா டிப்ளமோ படித்தேன் என்று முதல் நாள் முழுக்க அவர் மனசு புழுங்கியது. நாற்காலி முனையில்தான் உட்கார்ந்தார். எழுந்தார். ரோட்டைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தேங்காய்க் களத்துப் பக்கமிருந்து கொப்பரை வாசத்தோடு காற்று அடித்தது. தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிடப் போகிறார்களே என்று செய்தித்தாளை விரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார்.

செய்தித்தாளுக்குக் கீழே கால்கள் வந்தன, போயின.

இரண்டாம் நாள் செய்தித்தாள் தீர்ந்துவிட்டது. வேறு வழியில்லாமல் கால்களைப் பார்த்தார்.

ஒருவர் தூணைப் பிடித்துக்கொண்டு செருப்பைக் கழற்றினார். ஒரு அம்மா புருஷனின் ரப்பர் செருப்பைப் போட்டு வந்திருந்தார். தன் செருப்பைக் குனிந்து மாட்ட முடியவில்லை என்பது அவர் சொல்லாமலே தெரிந்தது. இன்னொருவர் போகும்போது காலாலேயே செருப்பைத் துழாவித் துழாவி ஒரு நிமிஷம் நின்றார். அவர் உள்ளே "நாலு" என்று சொன்னது சென்னியப்பன் காதில் விழுந்திருந்தது.

நாலா? இது நாலு வலிக்கிற இடுப்பா?

மூன்றாம் நாள் லூர்துமேரி டீச்சர் வந்தார். ஆட்டோ வரவில்லை. நடந்தே வந்தார்.

சென்னியப்பனுக்கு ஞாபகம் வந்தது. மழைக்காலத்தில் டீச்சர் ஆட்டோவில்தான் வருவார். டிரைவர் கைத்தாங்கலாக இறக்கிவிடுவார்.

டீச்சர் குனிந்து, செருப்பின் கொக்கியைக் கழற்றி, ஓரமாக ஜோடி சேர்த்து வைத்துவிட்டு உள்ளே போனார். திரும்பி வந்து குனிந்து மாட்டினார். ஒரு "அம்மாடி" போட்டார். ஆனாலும் மாட்டினார்.

"டீச்சர், இன்னைக்கு எத்தனைன்னு சொன்னீங்க?"

"ஏழு."

"இன்னும் ஏழுதானுங்களா?"

"ஏழுதாங்க. என்ன பண்றது? தையல் மிஷினை மூடி வெச்சு வருஷமாச்சு, நேத்து எடுத்துட்டேன். அந்த ஏழோடவே ரெண்டு பாவாடை தைச்சேன்."

டீச்சர் நடந்து போய்விட்டார். சென்னியப்பன் அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். நாற்காலியில் அன்றைக்குத்தான் முதல் முறையாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அது அவருக்கே தெரியவில்லை.

*

நான்காம் நாள் மயில்சாமிக்கு மூன்றாவது தடவை.

மனைவி மொபெட் ஓட்ட, அவன் பின்னால் உட்கார்ந்து வந்தான். லாரி டிரைவர் பின்னால் உட்கார்ந்து வருவதைச் சென்னியப்பன் கவனித்தார். வண்டி நின்றது. அவன் இறங்கித் தூணைப் பிடித்துக்கொண்டான். அவள் கீழே உட்கார்ந்து அவன் செருப்பு வாரைக் கழற்றிவிட்டாள். இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. தினமும் செய்கிற வேலை மாதிரி நடந்தது.

மயில்சாமி உள்ளே போனான். கொஞ்ச நேரத்தில் அவன் குரல் கேட்டது.

"பரவால்லீங்க டாக்டரம்மா. ரெண்டுதானுங்க இருக்குது."

வெளியே வந்தான். தூணைப் பிடித்தான். அவள் உட்கார்ந்து மாட்டிவிட்டாள்.

சென்னியப்பன் எழுந்து குறுக்கே நின்றார்.

"ரெண்டாப்பா இது?"

மயில்சாமி தலையைக் குனிந்துகொண்டான்.

"ஏழு இருக்குமுங்க."

"அப்பறம் எதுக்கு உள்ள பொய் சொன்னே?"

"பொய்யெல்லாம் இல்லீங்க." அவன் மனைவியைப் பார்த்தான், ரோட்டைப் பார்த்தான். "டாக்டரம்மா அத்தனை பாடுபடறாங்க. நீங்க வேற மூணே தடவைன்னு சொல்லிப்போட்டீங்க. மூணாந்தடவையும் வந்து வலிக்குதுன்னு சொன்னா உங்க மூஞ்சி தொங்கிப் போயிருமுங்களே. நல்லது சொன்ன மனுசனுக்கு அப்படிப் பண்றதுங்களா?"

சென்னியப்பன் அவன் காலையே பார்த்தார்.

"வர்ற வாரம் லோடு எடுக்கறனுன்னு ஓனர்கிட்டயும் சொல்லீட்டனுங்க," என்றான் மயில்சாமி.

"எடுக்காதே. உள்ள போ. அந்தம்மாகிட்ட ஏழுன்னு சொல்லு. என்ற மேல பழியப் போட்டே சொல்லு."

அவன் தயங்கினான். மனைவி அவன் முழங்கையைத் தொட்டு உள்ளே தள்ளினாள். அந்த வாரெல்லாம் மறுபடி கழற்ற வேண்டியிருந்தது. இந்தத் தடவை சென்னியப்பனே உட்கார்ந்து கழற்றினார்.

தலைக்கு மேலிருந்து மயில்சாமி கேட்டான். ஒன்றும் உள்குத்து வைத்துக் கேட்கவில்லை, வெள்ளந்தியாகத்தான் கேட்டான்.

"உங்க வீட்டு அக்காவுக்கு மட்டும் எப்படிங்க மூணே தடவைல போச்சு?"

கொக்கியில் இருந்த சென்னியப்பனின் கை அப்படியே நின்றுவிட்டது.

*

வீடு ஒரு மைல் தூரம். அன்றைக்கு அது வந்து சேர்வதாக இல்லை. பாதி தூரம் நடந்தார், மீதி தூரம் ஓடாத குறை.

ஊரில் இருக்கிற முதுகையெல்லாம் பார்த்தாயிற்று. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். தன் வீட்டு முதுகும் அப்படித்தானா?

கதவுக்குப் பக்கத்தில் செருப்பு வைக்கிற பலகை. மேல்தட்டில் அவருடையவை. கீழ்த்தட்டில் தெய்வாத்தாளின் செருப்பு. வார் வைத்தது, அவரே வாங்கிக் கொடுத்தது.

சென்னியப்பன் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

செருப்பின் மேல் விரலால் கோடு போடுகிற அளவுக்குப் புழுதி. கட்டைவிரல் மாட்டுகிற இடத்திலிருந்து சுவருக்கு ஒரு சிலந்தி நூல் இழுத்துக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது.

சந்தைக்கு அவள் கடைசியாக எப்போது போனாள்? காய் வண்டி வீட்டுக்கே வருது, எதுக்குங்க அலையோணும் என்றாள். சரிதானே என்று விட்டுவிட்டார். தங்கச்சி வீட்டுச் சீர் விசேஷத்துக்கு, வெயிலா இருக்குது நீங்க மட்டும் போயிட்டு வாங்க என்றாள். போய்ச் சாப்பிட்டு வந்தார். இப்போதெல்லாம் அவள் நின்றுகொண்டுதான் சாப்பிடுகிறாள். ஏன் என்று அவர் கேட்டதே இல்லை.

எத்தனை என்று கேட்டார். அவள் சொன்னாள். எழுதினார்.

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார். உள்ளே அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது. தெய்வாத்தாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"ஏனுங்க, இந்நேரத்துக்கு வந்துட்டீங்க? ஊசியுங்களா? இருங்க, படுத்துக்கறன்."

கட்டில் பக்கம் போனாள். ஒரு கையைக் கட்டிலில் ஊன்றி, மறு கையைச் சுவரில் ஊன்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரு பக்கமாகச் சரிந்து, பிறகு குப்புறத் திரும்பினாள். பதினொரு மாசமாக அவர் முன்னால்தான் இப்படிப் படுக்கிறாள். அந்த நேரத்தில் அவர் ஊசி டப்பாவைத் திறந்துகொண்டிருப்பார்.

"தெய்வா."

"ஒண்ணுதானுங்க."

அவர் இன்னும் எதையும் கேட்டிருக்கவில்லை.

சென்னியப்பன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததே அவளுக்கு வித்தியாசமாக இருந்திருக்க வேண்டும். தலையைத் திருப்பிப் பார்த்தாள். அவர் கையில் இருந்த செருப்பைப் பார்த்தாள். புழுதியையும் பார்த்தாள்.

அவர் செருப்பைக் கீழே வைத்தார்.

"ஏன் புள்ள சொல்லல?"

"எப்படிங்க சொல்றது?" தெய்வாத்தாள் தலையணையைப் பார்த்துப் பேசினாள். "மில்லு மூடுனதுக்கப்பறம் நீங்க சிரிச்சதே அந்த நோட்டுல ஒண்ணுன்னு எழுதறப்பத்தானுங்க."

*

மறுநாள் காலை நசீமா ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வாசல் நாற்காலி காலியாக இருந்தது. செருப்பு விடுகிற இடத்தில், புழுதி துடைத்த ஒரு ஜோடி கிடந்தது.

"அது யாரோடதுங்கண்ணா?"

"என்ற சம்சாரத்தோடதுங்க. குனிஞ்சு மாட்ட முடியாதுங்க. நாந்தான் மாட்டிவிட்டேன். பஸ்சுல ஏறி எறங்க முடியல, ஆட்டோவுலதான் கூட்டிட்டு வந்தனுங்க."

"வலி எத்தனைங்க?"

"கேக்கலீங்க."

நசீமா எழுந்து தெய்வாத்தாளை உள்ளே அழைத்துப்போனார். காலைத் தூக்கிப் பார்த்தார். முட்டியைத் தட்டிப் பார்த்தார். பாதத்தில் பஞ்சை வைத்து, தெரிகிறதா என்று கேட்டார். அரை மணி நேரம் ஆயிற்று. பிறகு கையைக் கழுவிக்கொண்டு, "பயப்படறாப்பல ஒண்ணுமில்லீங்க அண்ணி, இங்கயே பாக்கலாம்," என்றார்.

"எத்தனை தடவைல சரியாகுமுங்க?" என்று கேட்டாள் தெய்வாத்தாள்.

நசீமா சென்னியப்பனைப் பார்த்தார்.

சென்னியப்பன்  பையிலிருந்த சாவிக்கொத்தை எடுக்கப் போனவர் அதை உள்ளேயே விட்டுவிட்டார்.

"தெரியாது தெய்வா."

அவள் அவரையே பார்த்தாள்.

"முழுசாப் போகுமான்னும் தெரியாது. கொஞ்சம் கொறையலாம். சந்தை வரைக்கும் நடந்து போயிட்டு வர்றாப்பல ஆச்சுன்னா, அது பெருசு. கூட நானும் நடக்கறேன்."

தெய்வாத்தாள் கட்டிலில் படுத்தாள். ஒரு கை ஊன்றி, மறு கை ஊன்றி, மூச்சைப் பிடித்து, ஒரு பக்கமாகச் சரிந்து. அவள் முழுக்கப் படுத்து முடிக்கும்வரை அவர் பார்த்துக்கொண்டே நின்றார். ஊசித் தட்டை நசீமா அவர் பக்கம் நகர்த்தினார்.

முதல் ஊசியை வைத்தார்.

"வலிக்குதா புள்ள?"

"பரவா..." என்று ஆரம்பித்தாள். நிறுத்தினாள்.

"வலிக்குதுங்க. ரொம்ப நாளா வலிக்குதுங்க."

நசீமா எழுந்து வெளியே போய், கதவைச் சாத்தினார்.